செட்டிநாட்டுத் தனியார் ஆண்கள் பள்ளிகளும் உயர்கல்வியும்

செட்டிநாட்டுத் தனியார் ஆண்கள் பள்ளிகள் என்பன தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களில் வணிகக் குடும்பங்களும் சமய நிறுவனங்களும் மாணவர்களுக்கென நிறுவிய பள்ளிகளைக் குறிக்கும். இவற்றுள் பழையவை பெரும்பாலும் அரசு உதவி பெறும் பள்ளிகளாக உள்ளன. இப்பள்ளிகளின் கல்வித்தரத்தை ஒப்பிடுவதற்குப் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதமும், பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் இடம்பெற்ற மாணவர் எண்ணிக்கையும் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. இவ்விரண்டும் ஒன்றல்ல. கல்லூரிச் சேர்க்கை முறை மாறியபோதெல்லாம் "சிறந்த பள்ளி" எனக் கருதப்பட்ட பள்ளிகளும் மாறியுள்ளன. தமிழ்நாட்டில் இம்மாற்றம் 1980, 1984, 2007, 2017, 2020 ஆகிய ஆண்டுகளில் தெளிவாகக் காணப்பட்டது.

வரலாறு

செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஆண்பிள்ளைகளின் கல்வி வணிகத்தை நோக்கியதாக இருந்தது. திண்ணைப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்ற சிறுவன், பர்மா, இலங்கை, மலாயா போன்ற நாடுகளில் இருந்த வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தான். அங்கே கடிதம் எழுதுதல், வட்டி கணக்கிடுதல், பேரேடு பேணுதல் ஆகியவற்றைப் பயின்று, அடுத்தாளாகவும் பின்னர் மேலாளாகவும் உயர்ந்தான். இம்முறையில் கல்லூரிப் பட்டத்திற்குத் தேவை குறைவு. கடையே கல்லூரியாக இருந்தது.

1942ஆம் ஆண்டில் சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும், போருக்குப் பின் அந்நாடுகள் விடுதலை பெற்றதும் இத்தொழிலைப் பெரிதும் பாதித்தன. கடல்கடந்த வணிகம் சுருங்கியதும் ஆண்பிள்ளைகளின் எதிர்காலம் கல்லூரிப் படிப்பைச் சார்ந்ததாக மாறியது. இக்காலத்திலேயே இவ்வட்டாரத்தின் கல்வி நிறுவனங்கள் வேகமாக வளர்ந்தன. இயேசு சபையினரின் தே பிரித்தோ பள்ளி 1943ஆம் ஆண்டில் தேவகோட்டையில் தொடங்கப்பட்டது. காரைக்குடி எஸ்.எம்.எஸ். வித்தியாசாலை, தேவகோட்டை நகரத்தார் பள்ளி ஆகியவை வணிகக் குடும்பங்களின் கொடையால் வளர்ந்தவை ஆகும்.

கோட்டையூரில் பிறந்த வள்ளல் இராம. அழகப்பச் செட்டியார் (1909–1957) காரைக்குடியில் 1947ஆம் ஆண்டில் கலைக் கல்லூரியையும் 1952ஆம் ஆண்டில் பொறியியல் கல்லூரியையும் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். அவ்வாய்வகம் 1953ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதன்பின் உள்ளூர்ப் பள்ளியில் படித்த மாணவன் ஊரைவிட்டுச் செல்லாமலேயே பட்டமும் பொறியியல் கல்வியும் பெறும் வாய்ப்பு உருவானது. அழகப்பா பல்கலைக்கழகம் 1985ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. சிவகங்கை மாவட்டம் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

தனியார் பள்ளிகளின் வகைகள்

தமிழ்நாட்டில் "தனியார் பள்ளி" என்ற சொல் இரு வேறுபட்ட வகைகளைக் குறிக்கிறது. ஒப்பீடு செய்வோர் இவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

முதல் வகை, அரசு உதவி பெறும் பள்ளிகள். இவற்றின் நிருவாகம் தனியாரிடம் இருப்பினும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்கு அரசே ஊதியம் வழங்குகிறது. விலையில்லாப் பாடநூல், மிதிவண்டி, சத்துணவு போன்ற நலத்திட்டங்கள் இப்பள்ளிகளுக்கும் உண்டு. செட்டிநாட்டின் பழைய ஆண்கள் பள்ளிகளில் பல இவ்வகையின. இவற்றில் பயில்வோரின் குடும்பப் பின்னணி, பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களின் பின்னணியிலிருந்து பெரிதும் வேறுபடுவதில்லை.

இரண்டாம் வகை, சுயநிதிப் பள்ளிகள். மெட்ரிகுலேசன் பள்ளிகளும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளும் பெரும்பாலும் இதில் அடங்கும். 1991–92ஆம் கல்வியாண்டுக்குப் பின் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கு அரசு ஊதிய உதவி வழங்கப்படுவதில்லை என்பதால், புதிய தனியார் பள்ளிகள் கட்டணத்தையே நம்பி இயங்குகின்றன. மெட்ரிகுலேசன் பள்ளிகளுக்கு நெடுங்காலம் தனிப் பாடத்திட்டம் இருந்தது. 2010ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டம், 2011ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் அனைத்திற்கும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பாடத்திட்டம் ஏற்பட்டது.

சேர்க்கை முறை மாற்றங்கள்

பழைய முறையில் பள்ளிக் கல்வி பதினோராம் வகுப்புடன் முடிவடைந்தது. கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு பயின்ற பின்னரே பட்டப்படிப்பில் சேர முடியும். 1978ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி (+1, +2) பள்ளிகளில் தொடங்கப்பட்டது. முதல் +2 பொதுத்தேர்வு 1980ஆம் ஆண்டில் நடைபெற்றது. இதனால் கல்லூரிச் சேர்க்கையைத் தீர்மானிக்கும் பொறுப்பு கல்லூரியிலிருந்து பள்ளிக்கு மாறியது. ஆய்வுக்கூடமும் முதுகலை ஆசிரியர்களும் உடைய பள்ளிகள் இதனால் முன்னுக்கு வந்தன.

1984ஆம் ஆண்டில் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு அறிமுகமானது. பின்னாளில் +2 மதிப்பெண் 200க்கும் நுழைவுத்தேர்வு மதிப்பெண் 100க்கும் கணக்கிடப்பட்டு, மொத்தம் 300க்குத் தரவரிசை தயாரிக்கப்பட்டது. பயிற்சி மையங்கள் உள்ள மதுரை, திருச்சி, சென்னை போன்ற நகரங்களின் மாணவர்களுக்கு இது சாதகமாக அமைந்ததாகக் கருதப்பட்டது. சிங்கம்புணரி போன்ற சிற்றூர்களிலிருந்து அத்தகைய பயிற்சிக்கு வெளியூர் சென்று தங்க வேண்டியிருந்தது. ஊரகமாணவர்களின் நலன் கருதி நுழைவுத்தேர்வை நீக்கும் சட்டம் 2007ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் +2 மதிப்பெண்ணே ஒரே அளவுகோலானது. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்கு "கட்-ஆஃப்" கணக்கிடப்படுகிறது.

தேர்ச்சி விகிதமும் அதன் எல்லைகளும்

தேர்ச்சி விகிதம் என்பது தேர்வெழுதியவர்களுள் எத்தனை விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர் என்பதாகும். இது எளிதில் கிடைப்பது, புரிந்துகொள்வதற்கும் எளியது. ஆயினும் பள்ளிகளை ஒப்பிட இதனை மட்டும் பயன்படுத்தும்போது மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, பாலின வேறுபாடு. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் மாணவியர் பல்லாண்டுகளாக மாணவர்களைவிடக் கூடுதல் தேர்ச்சி பெற்று வருகின்றனர். 2024ஆம் ஆண்டு +2 தேர்வில் ஒட்டுமொத்தத் தேர்ச்சி 94.56%. மாணவியர் 96.44%, மாணவர்கள் 92.37% தேர்ச்சி பெற்றனர். அதே ஆண்டில் பெண்கள் பள்ளிகளின் தேர்ச்சி 96.39%, இருபாலர் பள்ளிகளின் தேர்ச்சி 94.78%, ஆண்கள் பள்ளிகளின் தேர்ச்சி 88.98% ஆகும். ஆகவே 93% தேர்ச்சி காட்டும் ஆண்கள் பள்ளி, இருபாலர் பள்ளிகளின் சராசரியைவிடப் பின்தங்கியதாகத் தோன்றினாலும், தன் வகைப் பள்ளிகளின் சராசரியைவிட நான்கு புள்ளிகள் மேலே உள்ளது.

இரண்டாவது, சேர்க்கை வடிகட்டல். அதே தேர்வில் அரசுப் பள்ளிகள் 91.02%, அரசு உதவி பெறும் பள்ளிகள் 95.49%, சுயநிதிப் பள்ளிகள் 98.70% தேர்ச்சி பெற்றன. பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் +1 வகுப்பில் சேர்க்கும் பள்ளிக்கும், விண்ணப்பிக்கும் அனைவரையும் சேர்க்கும் பள்ளிக்கும் இவ்வெண்கள் ஒரே பொருளைத் தருவதில்லை. எடுத்துக்காட்டாக, 500க்கு 450க்கு மேல் பெற்ற நூறு பேரைச் சேர்க்கும் ஒரு பள்ளியில் நூறு பேரும் தேர்ச்சி பெறுவதாகக் கொள்வோம். 250 மதிப்பெண்ணை ஒட்டிய நூறு பேரைச் சேர்க்கும் மற்றொரு பள்ளியில் தொண்ணூறு பேர் தேர்ச்சி பெறுவதாகக் கொள்வோம். கற்பித்தலின் பயனைப் பொறுத்தவரை இரண்டாவது பள்ளியே கூடுதலாகச் சாதித்திருக்கக் கூடும்.

மூன்றாவது, தேர்வுக்கு முன் விலகியோர். ஒன்பதாம் வகுப்பிலோ +1 வகுப்பிலோ தோல்வியுற்று மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்ற மாணவன் தேர்ச்சி விகிதத்தின் கணக்கில் இடம்பெறுவதில்லை. "நூறு விழுக்காடு தேர்ச்சி" என்ற அறிவிப்பைப் பொருள்கொள்ள, ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தனர், +2 தேர்வை எத்தனை பேர் எழுதினர் என்ற இரு எண்களும் தேவைப்படுகின்றன.

சிவகங்கை மாவட்டம் அண்மைக் காலத்தில் இவ்வளவுகோலில் முன்னணியில் உள்ளது. 2024ஆம் ஆண்டு +2 தேர்வில் 97.42% பெற்று ஈரோடு மாவட்டத்துடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. 2025ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் 98.31% பெற்று மாநிலத்தில் முதலிடம் பெற்றது. தேர்ச்சி விகிதம் ஏறத்தாழ முழுமையை எட்டிவிட்ட நிலையில், பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டை அறிய அது போதுமான கருவியாக இல்லை.

உறைவிடப் பள்ளிகளும் 2017ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களும்

நுழைவுத்தேர்வு நீங்கி +2 மதிப்பெண்ணே வாயிலாக அமைந்த காலத்தில் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தின் உறைவிடப் பள்ளிகள் மாநிலம் முழுவதும் புகழ்பெற்றன. செட்டிநாட்டிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கே அனுப்பினர். +1 பாடங்களைப் பெயரளவில் முடித்துவிட்டு, +2 பாடங்களையே இரண்டாண்டுகளும் திரும்பத் திரும்பப் பயிற்றுவிக்கும் முறை பல பள்ளிகளில் பின்பற்றப்பட்டதாகக் கல்வியாளர்கள் குறைகூறினர். நாமக்கல் வட்டாரம் கோழிப்பண்ணைகளுக்கும் பெயர்பெற்றது என்பதால் "பிராய்லர் பள்ளி" என்ற கேலிப்பெயரும் வழக்கிற்கு வந்தது.

இம்முறை அன்றைய அளவுகோலுக்கு முற்றிலும் பொருந்தியது. +1 மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கிடப்படவில்லை. +2 வினாக்கள் பெரும்பாலும் பாடநூலின் பயிற்சிப் பகுதியை ஒட்டியே அமைந்தன. ஆனால் பொறியியல் கல்லூரியின் முதலாண்டில் +1 கணிதமும் இயற்பியலும் அடிப்படையாகத் தேவைப்பட்டன. கல்லூரியில் நுழைவதும் கல்லூரியில் நிலைப்பதும் வேறுவேறு என்பதை இது காட்டியது.

2017ஆம் ஆண்டில் மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் +1 வகுப்புக்கும் பொதுத்தேர்வு அறிமுகப்படுத்தப்பட்டு, +2 தேர்வின் மொத்த மதிப்பெண் 1200இலிருந்து 600ஆகக் குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் இரு ஆண்டுகளின் மதிப்பெண்களும் சேர்த்துக் கணக்கிடப்படும் என அறிவிக்கப்பட்டிருந்தாலும், 2018ஆம் ஆண்டில் உயர்கல்விச் சேர்க்கைக்கு +2 மதிப்பெண் மட்டுமே போதும் என மாற்றப்பட்டது. புதிய பாடத்திட்டம் +1 வகுப்புக்கு 2018–19ஆம் ஆண்டிலும் +2 வகுப்புக்கு 2019–20ஆம் ஆண்டிலும் வந்தது. 2025ஆம் ஆண்டு ஆகத்து மாதம் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து, 2025–26ஆம் கல்வியாண்டு முதல் +1 பொதுத்தேர்வு நீக்கப்பட்டது.

நீட் தேர்வும் உதவி பெறும் பள்ளிகளும்

2017ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கை தேசியத் தகுதி மற்றும் நுழைவுத்தேர்வின் (நீட்) அடிப்படையில் நடைபெறுகிறது. இதன் விளைவுகளை ஆராய்ந்த நீதியரசர் ஏ. கே. இராசன் குழு 2021ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. அதன்படி, 2016–17ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களுள் 12.47% பேரே முந்தைய ஆண்டுகளில் +2 முடித்து மீண்டும் முயன்றவர்கள். 2020–21ஆம் ஆண்டில் இது 71.42% ஆக உயர்ந்தது.

பள்ளி ஒப்பீட்டைப் பொறுத்தவரை இவ்வெண்களின் பொருள் முக்கியமானது. மருத்துவ மாணவர்களுள் பத்தில் ஏழு பேர் பள்ளியை விட்டு வெளியேறிய பின் ஓராண்டோ அதற்கு மேலோ தனிப்பயிற்சி பெற்றுச் சேர்ந்தவர்கள் என்றால், அச்சேர்க்கையைப் பள்ளியின் சாதனையாக மட்டும் காட்ட இயலாது. அதில் பயிற்சி மையத்தின் பங்கும், ஓராண்டு வருமானமின்றிக் காத்திருக்கவும் கட்டணம் செலுத்தவும் இயன்ற குடும்பத்தின் பங்கும் உள்ளன.

2020ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5% உள் ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டில் 313 மருத்துவ இடங்களும் 92 பல் மருத்துவ இடங்களும் இவ்வொதுக்கீட்டில் அமைந்தன. 2021ஆம் ஆண்டில் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் இவ்வொதுக்கீடு செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்கள் இவ்வொதுக்கீட்டில் சேர்க்கப்படவில்லை. செட்டிநாட்டின் பழைய ஆண்கள் பள்ளிகளுக்கு இது நேரடியான விளைவுடையது. ஒரே தெருவில் வாழும், ஒரே வருமானமுடைய இரு குடும்பங்களின் பிள்ளைகளுள் ஒருவன் அரசுப் பள்ளியிலும் மற்றவன் உதவி பெறும் பள்ளியிலும் பயின்றால், ஒரே நீட் மதிப்பெண்ணுக்கு அவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு வேறுபடுகிறது. ஆகவே 2020ஆம் ஆண்டுக்குப் பிந்தைய கல்லூரிச் சேர்க்கை எண்களைக் கொண்டு இவ்விரு வகைப் பள்ளிகளின் கற்பித்தலை ஒப்பிடுவது பொருத்தமற்றது. மாறாக, 2024ஆம் ஆண்டு ஆகத்து 9 அன்று தொடங்கப்பட்ட "தமிழ்ப் புதல்வன்" திட்டம் இருவகை மாணவர்களையும் உள்ளடக்கியது. அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவர்களுக்கு அத்திட்டத்தின்கீழ் மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது.

பிற நாடுகளில் பள்ளி ஒப்பீடு

இங்கிலாந்தில் 1992ஆம் ஆண்டு முதல் பள்ளிவாரித் தேர்வு முடிவுகள் அட்டவணைகளாக வெளியிடப்பட்டன. நல்ல மாணவர்களைச் சேர்க்கும் பள்ளியே முதலிடம் பெறுகிறது என்ற குறை எழுந்ததால், மாணவன் பள்ளியில் நுழைந்தபோது இருந்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினான் என்பதை அளவிடும் முறை 2002ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது.

அமெரிக்காவில் போசுடன், நியூயார்க் நகரங்களின் நுழைவுத்தேர்வுப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வொன்று 2014ஆம் ஆண்டில் வெளியானது. சேர்க்கை எல்லைக்குச் சற்று மேலே மதிப்பெண் பெற்று இப்பள்ளிகளில் சேர்ந்தவர்களையும், சற்றுக் கீழே பெற்று வேறு பள்ளிகளில் சேர்ந்தவர்களையும் அது ஒப்பிட்டது. பிந்தைய தேர்வு மதிப்பெண்களில் இரு குழுவினருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. புகழ்பெற்ற பள்ளியின் முடிவுகளில் பெரும்பங்கு, அங்கே சேரும் மாணவர்களின் முன்திறனைச் சார்ந்தது என்பது இதன் கருத்தாகும்.

இலங்கையில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, பருத்தித்துறை காட்லிக் கல்லூரி ஆகிய ஆண்கள் பள்ளிகள் பொறியியல், மருத்துவ பீடங்களுக்கு மாணவர்களை அனுப்புவதில் பெயர்பெற்றிருந்தன. 1970களில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழகம் செல்வோரின் எண்ணிக்கையை மாற்றின. பள்ளியின் கற்பித்தல் மாறாதபோதும் சேர்க்கை விதி மாறினால் பயன் மாறும் என்பதற்கு இது மற்றொரு எடுத்துக்காட்டு ஆகும்.

ஒப்பீட்டிற்குப் பயன்படும் அளவைகள்

ஒரு பள்ளியின் தரத்தை நேர்மையாக மதிப்பிடக் கீழ்க்காணும் விவரங்கள் உதவுகின்றன.

- +1 வகுப்பில் சேர்ந்தவர்களின் பத்தாம் வகுப்புச் சராசரி. அவர்களின் +2 சராசரி.
- ஒன்பதாம் வகுப்பில் இருந்தோர், +2 தேர்வு எழுதியோர் எண்ணிக்கை.
- +1 பாடங்கள் முழுமையாக நடத்தப்படுகின்றனவா, ஆய்வக வகுப்புகள் உண்மையில் நடைபெறுகின்றனவா என்பது.
- கல்லூரியில் சேர்ந்தவர்களுள் அதே ஆண்டில் சேர்ந்தோர், மறுமுயற்சியில் சேர்ந்தோர் எண்ணிக்கை.
- கலை, அறிவியல், பல்தொழில்நுட்பக் கல்லூரிகளில் சேர்ந்தோர் உட்பட, எங்கும் சேராதோர் எண்ணிக்கை.
- கல்லூரியில் சேர்ந்தவர்களுள் பட்டம் முடித்தோர் எண்ணிக்கை.

பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் பெரும்பாலும் முதல் சில மாணவர்களின் மதிப்பெண்களே இடம்பெறுகின்றன. மேற்கண்டவற்றுள் இறுதி இரண்டும் மிக அரிதாகவே கிடைக்கின்றன. தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 2021–22ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 47% ஆகும். இந்திய சராசரி 28.4%. இந்த உயர்ந்த நிலையிலும் +2 முடித்துக் கல்லூரி செல்லாதோர் உள்ளனர். அவர்களைக் கண்டறிந்து சேர்க்க "உயர்வுக்குப் படி" என்ற நிகழ்ச்சியை அரசு 2023ஆம் ஆண்டு முதல் நடத்துகிறது.

கல்லூரிக்கு அப்பால்

கல்லூரிச் சேர்க்கையே பள்ளியின் முழுப் பயன் அன்று என்பதற்குச் சிங்கம்புணரியில் பிறந்த எழுத்தாளர் ப. சிங்காரம் (1920–1997) சான்றாவார். இவர் சிங்கம்புணரித் தொடக்கப் பள்ளியிலும், பின்னர் மதுரையில் இயேசு சபையினர் நடத்திய புனித மரியன்னை உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். கல்லூரிக்குச் செல்லாமல் 1938ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குச் சென்று கடையொன்றில் பணியாற்றினார். போருக்குப் பின் தாயகம் திரும்பி, மதுரையில் தினத்தந்தி நாளிதழில் பணிபுரிந்தார். தென்கிழக்காசியப் போர்க்காலத்தைக் களமாகக் கொண்ட இவரது "புயலிலே ஒரு தோணி" தமிழின் சிறந்த புதினங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. தம் சேமிப்பை ஏழை மாணவர்களின் கல்விக்காக நாடார் மகாசன சங்கத்திற்கு அளித்தார்.

இன்றைய கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் எதிலும் சிங்காரத்தின் பெயர் இடம்பெற்றிருக்காது. எனினும் மொழியறிவையும் வாசிப்பையும் பள்ளிப் பருவத்திலிருந்து வாழ்நாள் முழுவதும் கொண்டுசென்ற மாணவர் அவர். செட்டிநாட்டுப் பள்ளிகளை ஒப்பிடும்போது, எண்ணிக்கைகளுடன் இத்தகைய பயன்களையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.